நாட்காட்டித் தாளும் வெந்தயத் தட்டும்

வீடு திரும்பிய முதல் வாரம் எப்படியோ கழிந்துவிடுகிறது. உறவினர் வருகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழப்பையுமாக அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். மருந்துகளை வேளை தவறாமல் எடுத்துவைப்பதிலும், தையல் பிரிக்கும் நாளை எண்ணுவதிலும் பொழுது போய்விடுகிறது. இரண்டாம் வாரத்தில் வருகை குறைகிறது. பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் திரும்புகிறார்கள். காலை பத்து மணிக்குமேல் வீடு அடங்கிவிடுகிறது. மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பவருக்கு மாலை வரையிலான அந்த நேரம் நோயைக் காட்டிலும் கனமாக இருக்கிறது.

மறுபரிசோதனைக்கு வருபவர்களிடம், மருத்துவமனையின் கைப்பயிற்சி அறையில் பணியாற்றும் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பகலில் என்ன செய்கிறீர்கள்?” பெரும்பாலும் நோயாளி பதில் சொல்வதற்குள் உடன் வந்தவர் முந்திக்கொள்வார்: “ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை.” அன்பினாலும் சற்றே பெருமையினாலும் சொல்லப்படும் சொல் அது. ஆயினும் அதைக் கேட்கும்தோறும் எங்களுக்குக் கவலைதான் உண்டாகிறது.

முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப்போட்ட பெண்மணிக்கு இப்போது சோறு தட்டில் வருகிறது. வீட்டுக் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருந்தவரிடம் பத்து ரூபாய்க்குக்கூட யாரும் யோசனை கேட்பதில்லை. கொடுத்துப் பழகிய கை, வாங்க மட்டுமே நீள்கிறது. இந்த மாற்றம் எந்த மருத்துவ அறிக்கையிலும் பதிவாவதில்லை. ஆனால் உணவில் ஆர்வம் குறைவதிலும், பயிற்சி செய்ய மறுப்பதிலும், “எனக்கு எதற்கு இதெல்லாம்” என்ற பேச்சிலும் அது தலைகாட்டுவதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். அதனால்தான் இந்த இதழில் மருந்தையும் உணவையும் விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய இரண்டு எளிய கைவேலைகளைப் பற்றி எழுதுகிறோம். ஒன்று காகிதம், மற்றொன்று செடி. இரண்டுக்கும் செலவு குறைவு. எந்த நேரத்திலும் பாதியில் நிறுத்தலாம். இரண்டுமே மறுநாள் காலையில், நேற்றுச் செய்ததைக் கண்ணெதிரே காட்டும்.

எங்கள் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்துக்குப் பின் இடது கை தளர்ந்துபோன முதியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று எண்ணி, வண்ணத் தாள்களைக் கொடுத்துப் பூ மடிக்கச் சொன்னோம். இரண்டு நாள் மௌனமாக மடித்தார். மூன்றாம் நாள் வரவில்லை. காரணம் கேட்டபோது அவருடைய மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பிள்ளைகள் விளையாட்டைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறார், அம்மா.” அவர் என்ன தொழில் செய்தவர் என்று அதுவரை நாங்கள் கேட்டிருக்கவே இல்லை. நாற்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவர்! பழைய செய்தித்தாளையும் அளவு நாடாவையும் அனுப்பிவைத்து, எங்கள் அறைக்கு வரும் சிறுமி ஒருத்திக்குச் சட்டை மாதிரி வெட்டித்தர இயலுமா என்று கேட்டோம். தாள் நகராமல் இருக்க இடது முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, வலக் கையால் வெட்டினார். எந்தப் பயிற்சிக்கும் அசைய மறுத்த அந்த இடது கையைக் காகிதத்தின்மேல் வைக்கும்படி நாங்கள் சொல்லவில்லை. வேலை அதைக் கேட்டது, அவர் கொடுத்தார். காகிதம் அதே காகிதம்தான். முன்பு கொடுத்தது நேரம் போக்க. பின்பு கொடுத்தது ஒருவருக்குத் தேவைப்பட்டதால்.

ஆகவே, கைவேலையைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவருடைய கை இதற்குமுன் என்ன செய்து பழகியது? செய்து முடித்த பொருள் யாருக்குப் பயன்படும்? கணக்கராக இருந்தவர் பழைய தாள்களைத் தைத்துக் குறிப்பேடு கட்டலாம். மருந்து உறைகளைக் காகிதத்தில் ஒட்டி, அன்றன்றைய மாத்திரைகளை எடுத்துப் போட்டுவைக்கும் பழக்கத்தைச் சிலர் எங்களிடம் கற்றுக்கொண்டு இப்போது எங்களைவிட நேர்த்தியாகச் செய்கிறார்கள்.

காகிதத்தில் எங்கே தொடங்குவது

ஏறத்தாழ ஒவ்வொரு தமிழ் வீட்டுச் சுவரிலும் ஒரு தினசரி நாட்காட்டி தொங்குகிறது. நோயாளி இருக்கும் வீட்டில் அதற்கு இன்னும் மதிப்பு அதிகம். அடுத்த ஊசி என்றைக்கு, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். காலையில் கிழிக்கும் அந்தத் தாளை எறிந்துவிடாமல் நோயாளியிடம் கொடுங்கள். நாளுக்கு ஒரு தாள், அதற்குமேல் வேண்டா. ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்து, மிஞ்சிய பட்டையைக் கிழித்தால் சதுரம் கிடைத்துவிடும். சதுரத் தாளிலிருந்து என்னவெல்லாம் வரும் என்பதை நம்மில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைத் தண்ணீரில் விட்ட சாதாரணக் கப்பல், அதனினும் சற்றுக் கடினமான கத்திக் கப்பல், காற்றாடி, பறவை என்று சிறு வயதில் கை அறிந்த மடிப்புகள் ஒன்றிரண்டு எல்லாருக்கும் நினைவிருக்கும். மனம் மறந்துவிட்டதை விரல் நினைவில் வைத்திருப்பதைப் பார்க்க வியப்பாகவே இருக்கிறது.

மடிக்கும்போது உடலில் என்ன நடக்கிறது? இரு ஓரங்களையும் சேர்க்கக் கண்ணும் கையும் ஒருங்கிணைய வேண்டும். மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும்போது, புட்டியின் மூடியைத் திறக்கவும் பொத்தானைப் போடவும் தேவைப்படும் அதே பிடி வேலை செய்கிறது. அடுத்த மடிப்பு என்ன என்று நினைவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின்னும், மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் பிரித்த பின்னும் நாங்கள் கொடுக்கும் பயிற்சிகள் பல இவற்றையே நோக்கமாகக் கொண்டவை.

மடிப்பது கடினமாக இருந்தால் கிழிப்பதிலிருந்து தொடங்கலாம். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே போக்கில் படிந்திருப்பதே காரணம். இதைப் பேரப்பிள்ளைக்குச் செய்துகாட்டுவதே ஒரு காலைப் பொழுதுக்குப் போதுமான பாடம். நேராகக் கிழித்த பட்டைகளைத் துடைப்பக் குச்சியில் இறுகச் சுற்றி ஒட்டினால் குழல்கள் கிடைக்கும். குழல்களை ஊடும் பாவுமாகப் பின்னினால் தட்டு, பெட்டி, பேனாக் கூடு எல்லாம் ஆகும்.

ஒரு கை மட்டுமே இயங்குபவர்களுக்கு ஓரிரு உபாயங்கள். மேசைமேல் ஈரத்துணியை விரித்து அதன்மேல் பலகையை வைத்தால் பலகை வழுக்காது. தாளைப் பலகையோடு கிளிப்பால் பிணைத்துவிடலாம். கத்தரிக்கோலை விரிக்க விரல்களில் வலுவில்லாதவர்கள், தையற்காரர்கள் நூல் நறுக்கப் பயன்படுத்தும் சிறு கத்தரியை வாங்கிக்கொள்ளலாம். அழுத்தினால் வெட்டும், விட்டால் தானே விரியும். ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களும் கூர்மையான கத்தியையும் பிளேடையும் தொடாமல் கிழிப்பதோடும் மடிப்பதோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

பசைக்கு மைதா மாவைக் காய்ச்சிய கஞ்சியே போதும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது நஞ்சு. வீட்டில், அதுவும் குழந்தைகள் நடமாடும் இடத்தில், அதைக் கலக்க வேண்டா. அன்றைய பசையை அன்றைக்கே தீர்த்துவிட்டால் போயிற்று. ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்கள் பரணிலிருந்து இறக்கிய பழைய தாள்களைத் தொடாதிருக்க வேண்டும். தூசி மட்டுமன்றிப் பூஞ்சையும் அவற்றில் இருக்கும். வார்னிஷ், தின்னர் முதலியவற்றின் நெடியும் அவர்களுக்கு ஆகாது.

காகித வேலை என்றதும் ஜப்பானைத்தான் பலர் நினைக்கிறார்கள். நம் பாட்டிமார் செய்த காகிதக் கூடையை நினைப்பவர் குறைவு. பழைய தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைப்பார்கள். நீரை நாள்தோறும் மாற்றுவார்கள். ஒரு பிடி வெந்தயத்தை ஊறவைத்து அதனோடு சேர்த்து ஆட்டுவார்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிணைக்கும். கசப்போ பூச்சியை அண்டவிடாது. கவிழ்த்த பானையின்மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கூழை அப்பி, வெயிலில் உலரவைத்துக் கழற்றினால் கூடை தயார். வற்றலும் வெங்காயமும் போட்டுவைக்க அதைவிட இலேசான பாத்திரம் கிடையாது. பண்ருட்டியில் கொலு பொம்மைகள் செய்பவர்களும் காகிதக்கூழைக் கையாளுகிறார்கள். கூழைப் பிசைவதும் அப்புவதும் விறைத்த விரல்களுக்கு மென்மையான பயிற்சி. வெதுவெதுப்பான நீரில் ஊறிய கூழ் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இதமாகவும் இருக்கும். கையில் புண்ணோ, மருந்தினால் தோல் உரிதலோ இருந்தால் அது ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்த பெண்கள் பலருக்கு இந்தச் செய்முறை எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்களைச் செய்யச் சொல்வதைவிட, மருமகளுக்கும் பேத்திக்கும் சொல்லித்தரச் சொல்வது மேலும் நல்லது.

படுக்கையில் இருந்தபடி காகிதத்தைக் கையாண்டவர்களில் உலகறிந்த ஒருவர் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941ஆம் ஆண்டு வயிற்றில் புற்றுநோய்க்கான பெரிய அறுவை சிகிச்சை அவருக்கு நடந்தது. அதன்பின் அவருடைய நாட்கள் பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் கழிந்தன. தூரிகையோடு நெடுநேரம் நிற்க இயலாத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரியால் வெட்டினார். வெட்டியவற்றை அவர் சொல்லும் இடத்தில் உதவியாளர்கள் சுவரில் குத்திவைத்தார்கள். இலைகளும் பழங்களும் பாசிகளுமாக அவருடைய அறைச் சுவர் நிறைந்தது. 1954இல் இறக்கும்வரை, பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாறு வேலை செய்தார். இதில் நாங்கள் சுட்டிக்காட்ட விரும்புவது அவருடைய மேதைமையை அன்று. உதவியாளர்கள் நடந்துகொண்ட முறையை. தாளுக்கு வண்ணம் பூசினார்கள், ஏணியில் ஏறினார்கள், ஊசி குத்தினார்கள். வெட்டுவதையும் எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதையும் அவரிடமே விட்டுவிட்டார்கள்.

இன்னொருவர் இங்கிலாந்தின் மேரி டெலானி. 1700ஆம் ஆண்டு பிறந்தவர். கணவரை இழந்து சில ஆண்டுகள் கழிந்தபின், 72ஆம் வயதில், வண்ணத் தாள்களை நுணுக்கமாக நறுக்கிக் கருநிறத் தாளில் ஒட்டி மலர்களின் உருவங்களை ஆக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில், கண்பார்வை மங்கி நிறுத்தும்வரை, ஆயிரத்துக்குச் சற்றே குறைவான மலர்களை முடித்திருந்தார். அவை இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. “இந்த வயதில் புதிதாக என்ன கற்பது” என்று கேட்பவர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்வது எங்கள் வழக்கம்.

செடிக்கு முன் சில எச்சரிக்கைகள்

காகிதத்தைப் போல் செடியை எல்லார் கையிலும் கொடுத்துவிட முடியாது. மண் உயிருள்ள பொருள். அதில் பூஞ்சை வித்துகளும் நுண்ணுயிர்களும் இயல்பாகவே இருக்கின்றன. நலமாக இருப்பவரின் உடல் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. கீமோதெரபியினால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றோ உறுப்பு மாற்றோ செய்துகொண்டவர்களுக்கும் நிலைமை வேறு. மண்ணைக் கிளறும்போது எழும் வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். இவர்கள் மருத்துவரின் வெளிப்படையான அனுமதி கிடைக்கும்வரை மண்ணைத் தொட வேண்டா. மண் தொட்டி அவர்கள் படுக்கும் அறைக்குள்ளும் வேண்டா. பூச்சாடியில் தேங்கிய நீரும் அவர்களுக்கு ஆகாது. முளைகட்டிய பயறு “சத்து” என்று பச்சையாக ஊட்டுவதையும் இக்காலத்தில் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குப் புதிய, தூய தாளே ஏற்றது. இது என்றைக்குமான தடையன்று. அணுக்கள் தேறியபின் மருத்துவரே “இனித் தொடலாம்” என்று சொல்லும் நாள் பலருக்கு வருகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் தோட்ட வேலை செய்யலாம்; ஆனால் கையுறையும் செருப்பும் கட்டாயம். மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோய் தென்னிந்தியாவிலும் காணப்படுகிறது. கீறல் வழியாக நுழையும் அக்கிருமி நீரிழிவுக்காரர்களையே அதிகம் பற்றுகிறது. மற்றொன்று, நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் துன்பம்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நண்பகலில் செருப்பின்றி மொட்டைமாடித் தொட்டிகளுக்கு நீர் ஊற்றப் போகிறார்கள். தரை சுடுவது தெரிவதில்லை. மாலையில் உள்ளங்கால் கொப்புளித்திருப்பதை வேறொருவர்தான் பார்த்துச் சொல்கிறார். காலை ஏழு மணிக்குள் நீர் ஊற்றிவிடுங்கள்.

எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நிறைந்த 15 லிட்டர் வாளி 15 கிலோ. இதய அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு சேர்வதற்கு 6 முதல் 12 வாரம் வரை ஆகும். அக்காலத்தில் இப்படிப்பட்ட வாளியைத் தூக்குவது தகாது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையிலும் பளு தூக்கக்கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள் அந்தப் பக்கக் கையில் முள் குத்தாமல், கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோஜாச் செடியை வீட்டில் வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடலாம். எல்லாருக்கும் பொதுவானது அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிதான். மூடியில் நான்கு துளை இட்டுவிட்டால் அதுவே பூவாளி.

இத்தனை தடைகளைப் படித்தபின் செடியே வேண்டா என்று தோன்றலாம். அப்படி நினைக்க வேண்டா. ஒரே ஒரு தட்டு போதும்.

வெந்தயத்தைக் கொண்டு தொடங்குவதையே நாங்கள் விரும்புகிறோம். அஞ்சறைப்பெட்டியிலேயே விதை இருக்கிறது. நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். வெண்முளை எட்டிப் பார்த்ததும், அடியில் துளையிட்ட அகலமான தட்டிலோ பழைய பிளாஸ்டிக் டப்பாவிலோ நான்கு விரற்கடை உயரத்துக்கு மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பி, மேலே தூவி, மெல்லிய மண்போர்வை போட்டு நீர் தெளிக்க வேண்டும். மண் பையைப் பிரிக்கும்போது முகத்தை விலக்கிக்கொண்டு, முதலில் சற்று நீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்வது எல்லாருக்குமே நல்லது. மூன்று நான்கு நாளில் பச்சை தலைநீட்டும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கிள்ளியோ நறுக்கியோ சமையலுக்கு எடுக்கலாம். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று காத்திருப்பவருக்கு இந்தக் கால அளவு மிகவும் பொருந்துகிறது. விதைத்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்தால், அதைப் பார்ப்பதற்கு ஊசி நாளைத் தவிர வேறொரு காரணமும் கிடைக்கிறது.

அறுவடையான கீரை யார் இலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரு சொல். சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையிலுள்ள பொட்டாசியம் பிரச்சினை தரக்கூடும். வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வெந்தயத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் வளர்க்கட்டும், மற்றவர்கள் உண்ணட்டும். அதிலும் ஒரு நிறைவு உண்டு: நோயாளி வளர்த்த கீரையில் அன்றைக்கு வீடு முழுவதும் சாப்பிடுகிறது.

அதற்கு அடுத்தது புதினா. கடையில் வாங்கிய கட்டிலிருந்து இலையைத் துவையலுக்குக் கிள்ளிக்கொண்டு, தடித்த தண்டுகளை மண்ணில் சாய்வாகச் செருகினால் பிடித்துக்கொள்ளும். கற்பூரவல்லி இன்னும் எளிது; ஒடித்து நட்டால் வளரும். முளைப்பாரி வளர்த்துப் பழகிய பெண்கள் எங்கள் நோயாளிகளில் பலர் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்காக இருட்டறையில், பாட்டோடும் விரதத்தோடும், வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று தானியங்களை வளர்த்தெடுத்தவர்களுக்கு நாங்கள் விதைப்புப் பாடம் நடத்துவது சற்றே நகைப்புக்குரியதுதான்.

நீரில் மட்டும் வளரும் மணி பிளாண்டைப் பலர் விரும்புகிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரை நாடுவது. முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். அம்முட்டை உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இது பொருந்தும். மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா ஆகியவற்றின் இலையைக் குழந்தைகள் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அரளியோ எல்லாப் பாகமும் நஞ்சு. இதயத் துடிப்பையே குலைக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டிலும், நினைவுத் தடுமாற்றம் உள்ள முதியவர் இருக்கும் வீட்டிலும் அவற்றுக்கு இடம் வேண்டா.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. ஜப்பானில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது வேரோடு கூடிய தொட்டிச் செடியைக் கொண்டுபோவதை மக்கள் தவிர்க்கிறார்கள். “வேர் பிடித்தல்” என்பதற்கான சொல்லும் “படுத்த படுக்கையாதல்” என்பதற்கான சொல்லும் அம்மொழியில் ஒரே ஒலியுடையவை. அதற்குப் பதில் ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்துச் சரமாகக் கோத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் ஊரில் அத்தகைய அச்சம் இல்லை என்றாலும், மருத்துவமனை வார்டுக்குள் மண் தொட்டி கொண்டுவர வேண்டா என்று, வேறு காரணத்துக்காக, நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.

உடனிருப்பவர்களுக்கு

கைவேலை தோற்றுப்போவது பெரும்பாலும் நோயாளியால் அன்று. மடிப்பு கோணலானதும் “கொடுங்கள், நான் செய்கிறேன்” என்று வாங்கிக்கொள்ளும் கையால்தான். அந்தக் கையில் அன்பு இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும், ஐந்து நிமிட வேலைக்கு அவர் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அந்த அரை மணி நேரம்தான் பயிற்சி. அவர் நீர் ஊற்ற மறந்த அன்று இரவில் யாருக்கும் தெரியாமல் நீங்கள் ஊற்றிவிடாதீர்கள். “இன்று தட்டு காய்ந்திருக்கிறதே” என்று கேளுங்கள். வெந்தயம் ஒருநாள் வாடினால் குடி முழுகிவிடாது. அவர் அனுமதியின்றி அவர் செய்ததைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தவிர்க்கலாம். “தாத்தா சூப்பர்” என்று வரும் பாராட்டுகளில் சிலருக்கு மகிழ்ச்சி. சிலருக்கு அந்தத் தையற்காரர் பட்ட வருத்தம்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் சமைத்து, மருந்துக்கடைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் நடந்து, உங்களுக்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லாமல் மாதங்கள் கழிகின்றன. நோயாளிக்குப் பொழுது போகவில்லை. உங்களுக்கோ பொழுதே இல்லை. நீங்களும் ஒரு கைவேலையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இன்னொரு கடமையை உங்கள்மேல் சுமத்த எங்களுக்கு மனமில்லை. ஆனால் அவர் காகிதத்தோடு இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் எதிரே அமர்ந்து மேற்பார்வை பார்க்க வேண்டியதில்லை. வாசலில் போய் உட்காருங்கள். காபியை ஆறுவதற்குமுன் குடியுங்கள்.

செடியும் காகிதமும் நோயைக் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்று மருத்துவமனை கட்டுவோர் இடையே புகழ்பெற்றது. பித்தப்பை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேரையும் செங்கற்சுவரைக் கண்ட 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு மாத்திரையைக் குறைக்க முடியாது. நோயாளியின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப்போட அது போதுமான காரணம் என்பது எங்கள் எண்ணம்.

கைவேலையால் தீராத சோர்வும் உண்டு. முன்பு விரும்பிய எதிலும் இரண்டு வாரத்துக்கு மேலாக நாட்டமின்மை, உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு ஆகியவை தென்பட்டால், அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சட்டை மாதிரி வெட்டித்தந்த பெரியவர் பிறகு தம் இடது கையால் ஊசியைப் பிடிக்குமளவுக்குத் தேறவில்லை. காகிதத்தைப் பிடிக்குமளவுக்குத் தேறினார். அவர் வெட்டிய மாதிரிகள் எங்கள் கைப்பயிற்சி அறையின் மேசை இழுப்பில் இருக்கின்றன. அந்தச் சிறுமியின் தாய் அவற்றைக் கொண்டு இரண்டு சட்டை தைத்துவிட்டார். அடுத்த முறை வரும்போது நீங்கள் செய்ததையும் கொண்டுவாருங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வெந்தயக் கீரை என்றால் ஒரு கட்டு. மண்ணைக் கழுவிவிட்டுக் கொண்டுவந்தால் நல்லது.